திவால் மனு கொடுத்த பிறகும் கம்பெனி ஓடுவது எப்படி?

நம் ஊரில் ஒருவர் ஐ.பி. கொடுத்துவிட்டார் என்றால் கதை முடிந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். கடைக்குப் பூட்டு விழும், கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் அமெரிக்காவில் ஏதோ ஒரு பெரிய கம்பெனி 'சாப்டர் 11 (அந்நாட்டுத் திவால் சட்டத்தின் ஒரு பிரிவு) மனு தாக்கல் செய்தது' என்ற செய்தியையும் படிக்கிறோம், அதை இழுத்து மூடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மறுநாளும் அதன் கடைகள் திறந்திருக்கும். ஊழியர்களுக்குச் சம்பளம் போகும். சில மாதங்களில், சில சமயம் சில நாட்களிலேயே, 'திவாலிலிருந்து வெளியே வந்தது' என்று இன்னொரு செய்தி வரும். இடைப்பட்ட நாட்களில் கடனில் பெரும்பகுதி கழிந்திருக்கும். கடன் கொடுத்தவர்களில் பெரும்பான்மையோர் அதற்குக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள்.

போட்ட பணத்தை விட்டுக்கொடுக்க ஒருவர் ஏன் சம்மதிக்க வேண்டும்? சம்மதித்துவிட்டார்கள் என்றால் அப்புறம் கோர்ட் எதற்கு? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும்.

தொழில் நன்றாக இருக்கும், கடன்தான் அதிகம்

கணக்குப் போட்டே பார்க்கலாம். கற்பனைக் கணக்குதான். ஒரு கம்பெனி வருடத்துக்கு 90 கோடி ரூபாய் சம்பாதிக்கிறது. அதன் தலையில் 1,000 கோடி கடன். 12 சதவீதம் என்றால் வட்டி மட்டுமே 120 கோடி. சம்பாதிப்பது முழுவதையும் கொடுத்தாலும் வட்டிக்கே 30 கோடி துண்டு விழுகிறது. அசலைத் தொடவே முடியாது. ஆனாலும் தொழிலில் பழுதில்லை. வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், சரக்கு விற்கிறது, கடனே இல்லையென்றால் இது லாபம் தரும் கம்பெனி.

இப்படி ஓடுகிற நிலையில் முழுதாக விற்றால் 630 கோடி வரை கிடைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இழுத்து மூடி, இயந்திரம், நிலம், சரக்கு என்று தனித்தனியாக ஏலம் விட்டால் 300 கோடிதான் தேறும். ஏலத்தில் பழைய இயந்திரத்துக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்? பயிற்சி பெற்ற ஆட்கள், பெயர், வாடிக்கை எதுவும் ஏலத்தில் விலை போகாது.

கடன் இரண்டு விதம். 400 கோடி, சொத்தை ஈடாக எழுதி வாங்கிக்கொண்ட வங்கிகள் கொடுத்தது. 600 கோடி, ஈடு எதுவும் இல்லாமல் கடன் பத்திரம் வாங்கியவர்கள் கொடுத்தது. கம்பெனியை மூடினால் ஏலத்தில் வரும் 300 கோடியும் வங்கிகளுக்கே போகும். அவர்களுக்கே இன்னும் 100 கோடி பாக்கி நிற்கும். பத்திரதாரர்களுக்கு ஒரு பைசா கூடக் கிடைக்காது.

இப்போது வேறொரு திட்டம். வங்கிக் கடன் 400 கோடி அப்படியே இருக்கட்டும், தவணைக் காலத்தை மட்டும் நீட்டிக்கொள்ளலாம். பத்திரதாரர்கள் தங்கள் 600 கோடிக்குப் பதிலாக 150 கோடிக்குப் புதிய பத்திரமும், கம்பெனியின் 95 சதவீதப் பங்குகளும் வாங்கிக்கொள்ளட்டும். பழைய முதலாளிகளுக்கு 5 சதவீதம். மொத்தக் கடன் 550 கோடியாகக் குறைகிறது, வட்டி 66 கோடி ஆகிறது. 90 கோடி சம்பாதிக்கும் கம்பெனிக்கு அது தாங்கும். 630 கோடி மதிப்பில் 550 கோடி கடன் போக 80 கோடி பங்குகளின் மதிப்பு, அதில் பத்திரதாரர்கள் பங்கு 76 கோடி. புதிய பத்திரத்தையும் சேர்த்தால் 226 கோடி. ரூபாய்க்கு 38 பைசா அளவு.

600 கொடுத்துவிட்டு 226 வாங்குவதா என்று வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அவர்கள் முன்னால் இருப்பது 226-ஆ 600-ஆ என்ற தேர்வு கிடையாது. 226-ஆ பூஜ்யமா என்பதுதான். கம்பெனி பிற்பாடு நன்றாக வந்தால் பங்கு விலை ஏறி இழந்ததில் கொஞ்சம் திரும்பவும் வரலாம். முதல் கேள்விக்கு இதுதான் பதில். நம்மூர் வங்கியாளர்கள் 'ஹேர்கட்' என்று சொல்லும் இந்தத் தள்ளுபடிக்குப் பின்னால் இரக்கமோ தாராள மனமோ கிடையாது, இந்தக் கூட்டல் கழித்தல்தான் உண்டு.

எல்லோரும் ஒத்துக்கொண்டால் கோர்ட் எதற்கு?

பத்திரதாரர் என்பவர் ஒரே ஆள் இல்லை. ஓய்வூதிய நிதிகள், மியூச்சுவல் ஃபண்டுகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், விலை சரிந்தபோது மலிவாக வாங்கிப் போட்ட ஹெட்ஜ் ஃபண்டுகள், சேமிப்பை அதில் போட்ட தனிநபர்கள் என்று ஆயிரக்கணக்கானோர். எல்லோரும் விட்டுக்கொடுத்தால்தான் கம்பெனி பிழைக்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு ஆசை இருக்கும்: மற்றவர்கள் விட்டுக்கொடுக்கட்டும், கம்பெனி பிழைத்ததும் நான் என் காசை முழுசாக வாங்கிக்கொள்கிறேன். எல்லோரும் இப்படியே நினைத்தால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், கம்பெனியும் மூழ்கும், எல்லோர் பணமும் போகும்.

அமெரிக்காவில் சட்டமும் அந்த முரண்டு பிடிப்பவருக்கே சாதகம். பொதுமக்களிடம் விற்ற கடன் பத்திரங்களுக்கு 1939-ஆம் ஆண்டின் பத்திர ஒப்பந்தச் சட்டம் ஒன்று உண்டு. அசலையும் வட்டியையும் உரிய தேதியில் பெறும் உரிமையை, அந்தந்தப் பத்திரதாரரின் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்கிறது அது. 99 பேர் ஒப்புக்கொண்டாலும் நூறாவது ஆளை அது கட்டுப்படுத்தாது. சிறு முதலீட்டாளரைப் பெரிய முதலைகளிடமிருந்து காப்பாற்ற வந்த நல்ல சட்டம் அது. ஆனால் கம்பெனி மூழ்கும் நேரத்தில் அதுவே காலில் கட்டிய கல்லாகிவிடுகிறது.

திவால் சட்டத்தின் சாப்டர் 11 இந்த முடிச்சை அவிழ்க்கிறது. 1978-இல் இன்றைய வடிவத்துக்கு வந்த சட்டம். கடன் கொடுத்தவர்களை வகை வகையாகப் பிரித்து ஓட்டெடுப்பு நடத்தச் சொல்கிறது. ஒரு வகையில் ஓட்டுப் போட்டவர்களில், தொகைக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கும் தலைக் கணக்கில் பாதிக்கு மேலும் ஆதரித்தால் அந்த வகை முழுவதும் ஒப்புக்கொண்டதாக ஆகும். எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்கும், ஓட்டே போடாதவருக்கும் அது செல்லும். கோர்ட்டுக்குப் போகும் முக்கியக் காரணம் இந்த ஒரு பலம்தான். வெளியே ஒவ்வொருவர் சம்மதமும் வேண்டும், உள்ளே பெரும்பான்மை போதும்.

ஓட்டுப் பதிவை மனு தாக்கல் செய்வதற்கு முன்பே முடித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. கம்பெனி முக்கியக் கடன் கொடுத்தவர்களோடு பல வாரம் பேசி, எழுத்தில் ஆதரவு ஒப்பந்தம் வாங்கி, முழு விவரத்தையும் அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பி, ஓட்டுகளையும் எண்ணிவிட்டு, அதற்குப் பிறகே கோர்ட் படியேறும். இதைத்தான் ப்ரீ-பேக் என்கிறார்கள். பேச்சுவார்த்தை, சீர்வரிசை, பத்திரிகை எல்லாம் முடிந்து முகூர்த்தத்துக்கு மட்டும் மண்டபம் போவதைப் போல. எந்தப் பேச்சும் முடிக்காமல் முதலில் மனுவைப் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சண்டை போடுவதும் உண்டு. அது வருடக்கணக்கில் இழுக்கும், வக்கீல் கட்டணமே கம்பெனியின் ரத்தத்தை உறிஞ்சிவிடும்.

சி.ஐ.டி. குழுமத்தின் 39 நாட்கள்

இந்த முறையை முழுதாகப் பார்க்க 2009-இல் நடந்த சி.ஐ.டி. குழுமத்தின் கதையைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. 1908-இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய பழைய நிதி நிறுவனம் அது. சிறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கடன் கொடுப்பது அதன் வேலை. குறிப்பாக ஆயத்த ஆடைத் துறையில் அதன் பங்கு பெரிது. துணி தைத்துக் கொடுக்கும் சிறு கம்பெனி ஒரு பெரிய கடைக்குச் சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்காக இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் அல்லவா, அந்தப் பில்லை வாங்கிக்கொண்டு முன்கூட்டியே பணம் கொடுத்தவர்கள் சி.ஐ.டி.காரர்கள்.

ஆனால் அவர்கள் கொடுத்த பணம் மக்களிடம் வாங்கிய டெபாசிட் இல்லை. பெரும்பகுதி சந்தையில் கடன் பத்திரம் விற்றுத் திரட்டியது. பழைய பத்திரம் முதிரும்போது புதிய பத்திரம் விற்று அடைப்பார்கள். போதாக்குறைக்கு வீட்டுக் கடன், மாணவர் கடன் என்று தெரியாத தொழிலிலும் காலை வைத்தார்கள். 2008-இல் உலகச் சந்தை உறைந்தபோது புதிய பத்திரத்தை வாங்க ஆளில்லை, பழையவை முதிர்ந்துகொண்டே வந்தன. அந்த டிசம்பரில் அமெரிக்க அரசு 233 கோடி டாலர் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது. 2009 ஜூலையில் மறுபடி கை நீட்டியபோது அரசு மறுத்துவிட்டது.

அப்போது உதவிக்கு வந்தவர்கள் யாரென்றால், அதே கம்பெனியின் பத்திரதாரர்கள். அவர்களில் பெரியவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து 300 கோடி டாலர் புதுக் கடன் கொடுத்தார்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பணத்துக்கு மேலே இன்னும் பணமா என்று தோன்றும். புதுக் கடனுக்கு வட்டியும் அதிகம், சொத்து ஈடும் உண்டு. முக்கியமாக, ஒழுங்காகப் பேசி முடிக்க அவகாசம் கிடைத்தது. அவசரமாகக் கவிழ்ந்திருந்தால் அவர்களின் பழைய பத்திரமும் காகிதமாகியிருக்கும்.

அக்டோபர் முதல் தேதி கம்பெனி எல்லாப் பத்திரதாரர்களுக்கும் காகிதங்களை அனுப்பியது. இதில்தான் சுவாரசியம். ஒரே கட்டில் இரண்டு கேள்விகள். ஒன்று: கோர்ட்டுக்குப் போகாமலே உங்கள் பழைய பத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் குறைந்த தொகைக்குப் புதிய பத்திரமும் பங்கும் வாங்கிக்கொள்கிறீர்களா? இரண்டு: போதுமான பேர் அப்படி மாற்றிக்கொள்ளாவிட்டால் நாங்கள் திவால் மனு போடுவோம், அப்போது இந்தத் திட்டத்துக்கு ஆதரவாக உங்கள் ஓட்டு உண்டா?

மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தார்கள். முதல் கேள்வி தோற்றது, வேண்டிய அளவு பத்திரங்கள் மாற்றத்துக்கு வரவில்லை. இரண்டாவது கேள்வி பெரிய அளவில் ஜெயித்தது. ஓட்டுரிமை உள்ள கடனில் சுமார் 85 சதவீதம் ஓட்டெடுப்பில் கலந்துகொண்டது, கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் ஆதரவு. அதே ஆட்கள், கிட்டத்தட்ட அதே பேரம். நான் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்றபோது தயங்கியவர்கள், எல்லோருக்கும் ஒரே விதி என்றதும் சரி என்றார்கள். நூறாவது ஆளைப் பற்றி மேலே சொன்ன பிரச்சினையை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

எதிர்ப்பே இல்லாமலும் நடக்கவில்லை. பெரிய பத்திரதாரர்களில் ஒருவரான கார்ல் ஐகான், நிர்வாகத்தின் திட்டத்தைக் கடுமையாகத் திட்டித் தன் மாற்று யோசனையை வைத்தார். கடைசி நாட்களில் சமாதானமாகி, ஆதரவு தந்ததோடு 100 கோடி டாலர் வரை கடன் தரவும் முன்வந்தார்.

நவம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் மனு தாக்கல். சொத்து 7,100 கோடி டாலர், கடன் 6,490 கோடி டாலர் என்று காட்டிய மனு. அமெரிக்காவின் மிகப் பெரிய திவால்களில் ஒன்று. ஆனால் மனுப் போட்டவை தலைமைக் கம்பெனியும், பணம் திரட்டுவதற்காக வைத்திருந்த ஒரு துணைக் கம்பெனியும் மட்டுமே. தொழில் நடத்தும் கிளைக் கம்பெனிகளும், யூட்டாவில் இருந்த வங்கியும் மனுவுக்கு வெளியே நின்றன. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடைகள் சரக்கு வாங்கிக் குவிக்கும் பருவம் அது. துணிக் கம்பெனிகளுக்கு வரவேண்டிய பணம் நின்றிருந்தால் அமெரிக்கக் கடைத்தெருவே தடுமாறியிருக்கும். அதற்கு இடம் வைக்காமல் செய்ததுதான் இந்த ஏற்பாட்டின் நேர்த்தி.

டிசம்பர் 8 அன்று நீதிபதி திட்டத்தை ஏற்றார். 10-ஆம் தேதி கம்பெனி வெளியே வந்துவிட்டது. கடன் சுமார் 1,000 கோடி டாலர் குறைந்தது. பெரும்பாலான பத்திரதாரர்களுக்கு டாலருக்கு 70 சென்ட் அளவுக்குப் புதிய பத்திரமும், அதன் மேல் புதிய பங்குகளும் கிடைத்தன. கம்பெனியே அவர்கள் கைக்கு வந்தது.

பழைய பங்குகள் ரத்தாயின. அரசு போட்ட 233 கோடி டாலரும் போயிற்று. அது முன்னுரிமைப் பங்காகப் போட்ட பணம், வரிசையில் பத்திரதாரர்களுக்குப் பின்னால்தான் நின்றது. சட்டப்படி சரிதான் என்றாலும் எனக்கு இது உறுத்துகிற இடம். நெருக்கடியில் வரிப் பணத்தைக் கொட்டும்போது கடனாகவும் ஈட்டோடும் கொடுக்கச் சொல்லி யாராவது வாதாடியிருக்க வேண்டும். கம்பெனி பிற்பாடு நன்றாகவே நடந்து, 2022-இல் ஃபர்ஸ்ட் சிட்டிசன்ஸ் வங்கியோடு இணைந்தது.

கோர்ட் பார்ப்பது என்ன?

மனு உள்ளே போன கணமே எல்லா வசூலுக்கும் தானாகத் தடை வந்துவிடும். வழக்கு, ஜப்தி, மிரட்டல் எதுவும் கூடாது. முதல் நாளிலேயே கம்பெனியின் வக்கீல்கள் ஒரு கட்டு மனுக்களோடு நிற்பார்கள்: சம்பளம் போட அனுமதி, வங்கிக் கணக்குகளை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி, வாடிக்கையாளர் வைத்திருக்கும் கிஃப்ட் கார்டுகளை ஏற்க அனுமதி. பழைய பாக்கியை கோர்ட் அனுமதி இல்லாமல் கொடுக்கக்கூடாது என்பதால் சம்பளத்துக்கும் இப்படிக் கேட்டாக வேண்டும்.

நிர்வாகம் பழைய ஆட்களிடமே இருக்கும். நம்மூரில் போல வெளியிலிருந்து ஒருவர் வந்து பொறுப்பை எடுத்துக்கொள்வது அங்கே அபூர்வம். வழக்கு நடக்கும் நாட்களில் செலவுக்குப் புதுக் கடன் தேவைப்பட்டால் அதைப் பெரும்பாலும் பழைய கடன் கொடுத்தவர்களே கொடுப்பார்கள். திவாலான கம்பெனிக்குக் கொடுத்த அந்தப் புதுக் கடனைப் பழைய பாக்கிகளுக்கு முன்னால் அடைக்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போடும். யார் கையில் அந்தப் புதுப் பணம் இருக்கிறதோ அவர் பேச்சுதான் திட்டத்திலும் எடுபடும். செய்தியில் புதுக் கடனை யார் கொடுத்தார்கள் என்ற அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பவர்களுக்குப் பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிடும்.

ஓட்டில் ஜெயித்துவிட்டதால் மட்டும் நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட மாட்டார். எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒவ்வொருவருக்கும், கம்பெனியை மூடி ஏலம் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகைக்குக் குறையாமல் கிடைக்கிறதா என்று பார்ப்பார். திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா, மறுபடி இங்கேயே வந்து நிற்பார்களா என்றும் பார்ப்பார். ஒரு வகையே ஒட்டுமொத்தமாக எதிர்த்தாலும், பாதிக்கப்படும் இன்னொரு வகையாவது ஆதரித்திருந்தால் திட்டத்தைத் திணிக்க வழி உண்டு. ஆனால் அதற்கு ஒரு கடுமையான நிபந்தனை இருக்கிறது: எதிர்க்கும் வகைக்கு முழுப் பணமும் போகாத வரை, வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நிற்பவருக்கு எதுவும் கொடுக்கக்கூடாது. மேலே போட்ட கணக்கில் பழைய முதலாளிகளுக்கு 5 சதவீதம் வைத்தோம் அல்லவா, பத்திரதாரர்கள் வகையாகச் சம்மதித்தால்தான் அது நடக்கும். அவர்கள் எதிர்த்தால் முதலாளிகளுக்கு அந்த ஐந்தும் கிடையாது. ஒத்துழைத்தால் கொஞ்சம், முறுக்கினால் பூஜ்யம் என்று ஆகும்போது முதலாளிகளும் மேசைக்கு வந்துவிடுகிறார்கள்.

வேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பெல்க் ஒரு எல்லை. 1888-இல் தொடங்கிய, அமெரிக்கத் தென்மாநிலங்களின் பெரிய கடைத் தொடர். 2021 பிப்ரவரி 23 அன்று ஹூஸ்டனில் மனுப் போட்டு மறுநாளே வெளியே வந்துவிட்டது. சுமார் 45 கோடி டாலர் கடன் குறைந்தது, 22.5 கோடி டாலர் புதுப் பணம் வந்தது. இத்தனை அவசரம் கூடாது, பாதிக்கப்படும் எல்லோருக்கும் முறையான அறிவிப்பு போய்ச் சேர வேண்டாமா என்று திவால் வழக்குகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி ஆட்சேபித்தார். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். பெரிய கடன் கொடுத்தவர்களுக்கு வக்கீல் இருப்பார், மாதக்கணக்கில் பேசியிருப்பார்கள். காயம்பட்டு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்ட ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு நாளில் என்ன தெரியும்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. கடன் குறைவதால் மட்டும் தொழில் திருந்திவிடாது. பேலெஸ் என்ற காலணிக் கடைத் தொடர் 2017 ஏப்ரலில் கடன் கொடுத்தவர்கள் ஆதரவோடு திவாலுக்குள் போய், நூற்றுக்கணக்கான கடைகளை மூடி, 43 கோடி டாலருக்கு மேல் கடனைக் கழித்து, ஆகஸ்டில் வெளியே வந்தது. 2019 பிப்ரவரியில் மறுபடி மனு. இந்த முறை அமெரிக்காவில் இருந்த சுமார் 2,100 கடைகளையும் மூடினார்கள். சி.ஐ.டி.க்கு நோய் கடனில் இருந்தது. பேலெஸுக்கு நோய் விற்பனையில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று பிழைக்கும், மற்றது கொஞ்ச நாள் தள்ளிச் சாகும்.

நம் நாட்டில்

2016-இல் வந்த திவால் சட்டம் இங்கே பெரிய மாற்றம். அதற்கு முன் வங்கிகள் வசூலுக்காகப் பல வாசல்களில் அலைந்தன, முதலாளி நாற்காலியில் அசையாமல் இருந்தார். இப்போது தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும் நிர்வாகம் முதலாளி கையை விட்டுத் தீர்வு நிபுணர் ஒருவரிடம் போகிறது. வங்கிகள் முதலான நிதிக் கடன் கொடுத்தவர்கள் குழுவாகக் கூடி, வருகிற ஏலக் கேட்புகளில் ஒன்றை 66 சதவீத ஓட்டோடு தேர்ந்தெடுக்கிறார்கள். கடனைக் கட்டாமல் வாராக்கடனாக விட்ட முதலாளி, பாக்கியைத் தீர்க்காமல் அதே கம்பெனியை மலிவு விலையில் திரும்ப வாங்க வர முடியாது. எஸ்ஸார் ஸ்டீல் ஆர்சலர்மிட்டல் கைக்குப் போனதும், சென்னையின் ஆர்க்கிட் பார்மா தனுகா கைக்குப் போனதும் இந்த வழியில்தான். சட்டத்தில் எழுதிய கடைசிக் கெடு 330 நாட்கள், நடைமுறையில் அதைத் தாண்டுவது சகஜம்.

ஆக, இங்கே வழக்கமான பாதை கம்பெனியை வேறு கைக்கு மாற்றுவது. முதலாளியும் கடன் கொடுத்தவரும் முன்பே பேசி முடித்துக்கொண்டு வரும் ப்ரீ-பேக், 2021 ஏப்ரல் 4 அன்று அவசரச் சட்டமாக வந்தது, அதுவும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மட்டும். பாக்கி குறைந்தது 10 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். கம்பெனிக்குத் தொடர்பில்லாத நிதிக் கடன் கொடுத்தவர்களில் தொகைக் கணக்கில் 66 சதவீதம் மனுவுக்கு முன்பே சம்மதிக்க வேண்டும். நிர்வாகம் முதலாளியிடமே இருக்கும். 90 நாளில் திட்டம், அடுத்த 30 நாளில் தீர்ப்பாயத்தின் முடிவு. சரக்கு கொடுத்தவர்கள், வேலை செய்து கொடுத்தவர்கள் பாக்கியில் முதலாளி கை வைத்தால், அவருடைய திட்டத்தைவிட நல்ல திட்டம் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று போட்டிக்கு விட வேண்டும். அழகான நிபந்தனை இது.

ஆனால் வந்த நாளிலிருந்து இதைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. பொதுத்துறை வங்கி அதிகாரியின் இடத்திலிருந்து பார்த்தால் காரணம் புரியும். முதலாளி நாற்காலியில் இருக்கும்போதே கடனில் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டால், நாளை விசாரணை என்று வந்து நின்றால் யார் பதில் சொல்வது? வெளிப்படையான ஏலத்தில் இதைவிடப் பெரிய தொகை போனாலும் அவர் மேல் பழி வராது. நல்ல எண்ணத்தில் எடுத்த வணிக முடிவுக்குப் பாதுகாப்பு கிடைக்காத வரை சட்டப் புத்தகத்தில் இந்தப் பிரிவு தூங்கிக்கொண்டேதான் இருக்கும்.

சரக்கு அனுப்பியவர் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்கக் கடைத் தொடர்களுக்குத் துணி அனுப்பும் திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களுக்கு இது கைக்காசு விஷயம். வாங்குபவர் சாப்டர் 11 போட்டுவிட்டார் என்று மின்னஞ்சல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அது கடன் கொடுத்தவர்களோடு முன்பே பேசி முடித்த மனுவா இல்லையா என்பது. பேசி முடித்ததென்றால், பல ப்ரீ-பேக்குகளில் சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கியைத் தொடமாட்டார்கள், வழக்கம்போலக் கொடுத்துவிடுவார்கள். பெல்க் விஷயத்தில் அப்படித்தான் அறிவித்தார்கள். சரக்கு வராவிட்டால் கடையே காலியாகிவிடும் என்பது கடன் கொடுத்தவர்களுக்கும் தெரியும்.

பேசி முடிக்காத மனு என்றால் தேதிகள்தான் உயிர். மனுத் தாக்கலுக்கு முந்தைய 20 நாட்களுக்குள் வாங்குபவர் பெற்றுக்கொண்ட சரக்குக்கு அமெரிக்கச் சட்டத்தில் தனி முன்னுரிமை உண்டு. அந்தப் பாக்கியை முழுதாகக் கொடுக்காமல் திட்டம் நிறைவேறாது. 'பெற்றுக்கொண்ட' என்றால் எப்போது? கப்பலில் ஏற்றியபோதா, அவர்கள் கிடங்கில் இறங்கியபோதா? சீனாவிலிருந்து எஃப்.ஓ.பி. முறையில், அதாவது கப்பலில் ஏறியதுமே பொறுப்பு வாங்குபவருக்கு மாறும் முறையில், சரக்கு அனுப்பிய இரண்டு நிறுவனங்களின் வழக்கில், 2017-இல் பிலடெல்பியாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், சரக்கு வாங்குபவரின் கைக்கு நேரடியாக வந்த நாள்தான் கணக்கு என்றது. தூத்துக்குடியிலிருந்து கப்பல் கிளம்பிப் பல வாரம் ஆகியிருந்தாலும், கடைசி 20 நாளில் அங்கே இறங்கியிருந்தால் கேட்க இடமுண்டு என்று இதற்கு அர்த்தம். தீர்ப்பு அந்தப் பகுதிக்குத்தான் கட்டாயம், ஆனால் மிகப் பல திவால் வழக்குகள் நடக்கும் டெலாவேர் அதற்குள் வருகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மனுவுக்கு முந்தைய 90 நாட்களில் உங்களுக்கு வந்த பழைய பாக்கிப் பணத்தை, மற்றவர்களைவிட உங்களுக்குச் சலுகை காட்டியதாகச் சொல்லித் திரும்பக் கேட்டு நோட்டீஸ் வரலாம். வழக்கமான தவணைப்படி வந்த பணம்தான் என்று காட்டினால் தப்பிக்கலாம், அதற்குப் பழைய பில், பணம் வந்த தேதி எல்லாம் கையில் இருக்க வேண்டும். பாக்கிக்கான உரிமைக் கோரிக்கையைத் தாக்கல் செய்யக் கடைசித் தேதி ஒன்றை கோர்ட் அறிவிக்கும், அது தவறினால் பணம் போனதுதான். ஏற்றுமதியாளர்களுக்குக் கடன் காப்பீடு தரும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யிடம் காப்பீடு எடுத்திருந்தால் வாங்குபவர் நொடித்ததையும் அது கவனிக்கும், ஆனால் செய்தி தெரிந்த உடனே அவர்களிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இந்த வேலைகளுக்கு முதலில் எடுத்து வைக்க வேண்டிய காகிதம், சரக்கு அங்கே இறங்கிய தேதி போட்ட டெலிவரி ரசீது.